ஆய்வகத்துக்குப் போக ஆசையா? அக்டோபரிலேயே ஆரம்பி!

ஏப்ரல் வந்தால் போதும், எனக்குப் போன் வர ஆரம்பித்துவிடும். “அக்கா, செமஸ்டர் முடியப்போகுது. லீவுல ஏதாவது லேப்ல சேர முடியுமா?” கேட்பவர்கள் பெரும்பாலும் பயோகெமிஸ்ட்ரி, மைக்ரோபயாலஜி, பயோடெக்னாலஜி படிக்கிற பிள்ளைகள். நடுநடுவே எம்.பி.பி.எஸ். மாணவர்களும் உண்டு. ஆசைக்கும் அறிவுக்கும் அவர்களிடம் குறைவே இல்லை. கோடை விடுமுறைக்கான நல்ல வாய்ப்புகளில் பாதிக்கு மேல் முந்தைய ஆண்டு நவம்பர், டிசம்பரிலேயே விண்ணப்பம் முடிந்துபோகிறது என்ற சேதிதான் அவர்கள் ஊருக்குப் போய்ச் சேரவில்லை. பெங்களூரிலோ சென்னையின் பெரிய கல்லூரியிலோ படிக்கும் பிள்ளைக்கு சீனியர் சொல்லிவிடுவார். தர்மபுரியிலும் தென்காசியிலும் படிக்கும் பிள்ளைக்கு யார் சொல்வது? அதனால் இதை உனக்காக உட்கார்ந்து எழுதுகிறேன். தங்கச்சி, தம்பி யாராக இருந்தாலும் ‘நீ’ என்றே பேசுகிறேன்.

முதலில் ஒரு பயத்தைக் கழற்றி வை. மருத்துவ உயிரியல் ஆய்வு என்றதும் கோடி ரூபாய் மெஷின்களும் வெள்ளைக் கோட்டும்தான் நம் கண்ணில் வந்து நிற்கின்றன. காசநோய் மாத்திரையை ஜனங்கள் ஏன் பாதியில் நிறுத்துகிறார்கள் என்று வீடு வீடாகப் போய்க் கேட்டு எழுதுவதும் அதே ஆய்வுதான். கொசு எந்தத் தண்ணீரில் முட்டையிடுகிறது என்று பார்ப்பதும், ஒரு கிருமியின் மரபணு வரிசையை லேப்டாப்பில் ஒப்பிட்டுப் பார்ப்பதும் அதுதான். உனக்கு எது கைவரும் என்பது செய்து பார்த்தால்தான் தெரியும்.

கேள்வி உன் ஊரிலேயே இருக்கும்

ஒரு மாணவியின் கதையைச் சொல்கிறேன், இது ஊரறிந்த வரலாறு. 1985 வாக்கில் சென்னை மருத்துவக் கல்லூரியில் மைக்ரோபயாலஜி மேற்படிப்பு படித்துக்கொண்டிருந்தார் செல்லப்பன் நிர்மலா. ஆய்வேட்டுக்கு ஒரு தலைப்பு வேண்டும். அவருடைய பேராசிரியர் சுனிதி சாலமன் கொடுத்த யோசனை, தமிழ்நாட்டில் எய்ட்ஸ் கிருமி இருக்கிறதா என்று தேடிப் பார்ப்பது. அது வெளிநாட்டுக்காரர்களின் நோய், நம் பக்கம் வராது என்று எல்லாரும் நம்பிக்கொண்டிருந்த காலம். நிர்மலாவும் தயங்கினார். கணவர்தான் தைரியம் கொடுத்தார்.

பாலியல் தொழிலில் இருந்த பெண்களிடமிருந்து எண்பதுக்கும் மேற்பட்ட ரத்த மாதிரிகளைச் சேகரித்தார். பாதுகாப்பு உபகரணம் எதுவும் பெரிதாகக் கிடையாது. பிரித்தெடுத்த சீரத்தை வைக்கத் தனி இடமும் இல்லாததால் வீட்டு ஃபிரிட்ஜிலேயே வைத்தார். பரிசோதனை செய்யும் எலைசா வசதி அன்றைக்குச் சென்னையில் இல்லை. வேலூர் சி.எம்.சி.யில் இருந்தது. 1986 பிப்ரவரியில் மாதிரிகளை எடுத்துக்கொண்டு ரயிலேறி காட்பாடியில் இறங்கினார். ஆறு மாதிரிகள் பாசிட்டிவ் என்று வந்தன. அமெரிக்காவுக்கு அனுப்பி மறுபடி சோதித்தபோதும் முடிவு மாறவில்லை. இந்தியாவுக்குள் எச்.ஐ.வி. வந்துவிட்டது என்பது இப்படித்தான், ஒரு மாணவியின் ஆய்வேட்டு வேலையில், முதன்முதலில் தெரியவந்தது.

இதை நான் சொல்வது உன்னை மெய்சிலிர்க்க வைக்க மட்டுமல்ல. அவரிடம் இருந்தவற்றை எண்ணிப் பார். யாரும் கேட்காத ஒரு கேள்வி, பக்கத்தில் நின்று வழிகாட்டிய ஒரு பேராசிரியர், பக்கத்து ஊர் ஆய்வகத்தில் போய்க் கதவைத் தட்டும் துணிவு. இந்த மூன்றில் எதற்கும் காசு வேண்டியதில்லை.

ஆனால் அந்தக் கதைக்கு இன்னொரு பக்கமும் உண்டு, அதையும் நீ தெரிந்துகொள்ள வேண்டும். எந்த நோய்க்காக ரத்தம் எடுக்கிறார்கள் என்று அந்தப் பெண்களிடம் அன்று சொல்லப்படவில்லை. கிருமி இருப்பதாகக் கண்டறியப்பட்ட பெண்கள் பலர் பிற்பாடு அரசு காவல் இல்லத்தில் அடைத்து வைக்கப்பட்டார்கள். நீதிமன்றத்தில் வழக்குப் போட்ட பிறகுதான் வெளியே வந்தார்கள். அன்றைய சூழல் அப்படி இருந்தது. இன்று நீ அப்படி ஒரு சொட்டு ரத்தம்கூட எடுக்க முடியாது, எடுக்கவும் கூடாது. இதைப் பற்றிப் பிறகு விரிவாகச் சொல்கிறேன்.

நம் மண்ணில் பிறந்த கேள்விகள் உலகத்துக்கே பதில் சொன்ன கதைகள் இன்னும் உண்டு. சென்னை சேத்துப்பட்டில் இன்று தேசிய காசநோய் ஆராய்ச்சி நிறுவனம் இருக்கிறது. அது 1956-ல் காசநோய் மருந்துச் சிகிச்சை மையமாகத் தொடங்கியது. காசநோய் வந்தால் சானடோரியத்தில் மாதக்கணக்கில் படுத்தே ஆகவேண்டும் என்பது அப்போதைய நம்பிக்கை. ஏழைக்கு அது ஆகிற காரியமா? வீட்டில் இருந்தபடியே மருந்து சாப்பிட்டவர்களையும் சானடோரியத்தில் தங்கியவர்களையும் ஒப்பிட்டுப் பார்த்தார்கள். ஒழுங்காக மருந்து எடுத்துக்கொண்டால் வீட்டுச் சிகிச்சையும் ஏறக்குறைய அதே அளவு பலன் தருகிறது, வீட்டில் உள்ளவர்களுக்கு அதனால் கூடுதல் ஆபத்தும் இல்லை என்று தெரிந்தது. 1959-ல் வந்த அந்த முடிவு உலகம் முழுக்கக் காசநோய்ச் சிகிச்சையை மாற்றியது.

மதுரை அரவிந்த் கண் மருத்துவமனைக்கு வா. வயலில் வேலை செய்பவர்களின் கண்ணில் நெல் முனையோ சோகையோ பட்டுக் கீறினால் பூஞ்சைத் தொற்று வந்து பார்வையே போய்விடும். அதற்கு நெடுநாளாக இருக்கும் நேட்டமைசின் சொட்டு மருந்து நல்லதா, புதிதாக வந்த வோரிகொனசோல் நல்லதா? அரவிந்தும் கலிபோர்னியப் பல்கலைக்கழகமும் சேர்ந்து நடத்திய சோதனையில், 2013-ல் வெளியான முடிவின்படி, ஜெயித்தது பழைய நேட்டமைசின்தான். கேள்வி நம் களத்து மேட்டிலிருந்து வந்தது.

ஆகவே உன் ஊர் அரசு மருத்துவமனையில் எந்த நோயாளிகள் அதிகம் வருகிறார்கள், உன் பாட்டிக்குச் சர்க்கரைப் புண் ஏன் ஆறவில்லை, உங்கள் தெருவில் டெங்கு ஏன் ஒவ்வொரு மழைக்கும் வருகிறது என்று ஒரு நோட்டில் எழுதிக்கொண்டே வா. நேர்முகத்தில் “உனக்கு எதில் ஆர்வம்?” என்று கேட்டால், “கேன்சருக்கு மருந்து கண்டுபிடிக்கணும் சார்” என்று எல்லாரும் சொல்வதையே சொல்லாமல் இதைச் சொல். எதிரே இருப்பவர் நிமிர்ந்து உட்காருவார்.

எந்த மாதத்தில் எதற்கு?

இந்தப் பகுதியைத் துறை நோட்டீஸ் போர்டில் ஒட்டினாலும் நல்லதுதான். தேதிகளும் தகுதி விதிகளும் ஆண்டுக்கு ஆண்டு மாறும். அந்தந்த நிறுவனத்தின் அதிகாரபூர்வ அறிவிப்பை மட்டும் நம்பு, வாட்ஸ்அப்பில் சுற்றும் பழைய படத்தை நம்பாதே.

எல்லாவற்றிலும் முதலில் நீ குறி வைக்க வேண்டியது மூன்று அறிவியல் அகாடமிகள் சேர்ந்து தரும் கோடை ஆய்வு உதவித்தொகைத் திட்டம். பெங்களூரில் உள்ள இந்திய அறிவியல் அகாடமி, டெல்லியில் உள்ள இந்திய தேசிய அறிவியல் அகாடமி, பிரயாக்ராஜில் உள்ள தேசிய அறிவியல் அகாடமி ஆகியவைதான் அந்த மூன்று. தேர்வானால் இந்தியாவின் நல்ல ஆய்வகம் ஒன்றில் இரண்டு மாதம் வேலை செய்யலாம். உதவித்தொகையும் உண்டு, ரயில் செலவும் தருவார்கள். அக்டோபர், நவம்பர் வாக்கில் விண்ணப்பம் தொடங்கும். மதிப்பெண்ணோடு, ஏன் இந்த ஆய்வு என்று நீ எழுதும் சிறு கட்டுரையும் ஆசிரியரின் பரிந்துரைக் கடிதமும் கேட்பார்கள். அந்தச் சிறு கட்டுரையில்தான் பல பிள்ளைகள் கோட்டை விடுகிறார்கள். இணையத்தில் இருந்தோ ஏ.ஐ.யிடம் இருந்தோ எடுத்து ஒட்டியதை வாசிப்பவர் ஒரு வரியிலேயே கண்டுபிடித்துவிடுவார். நீ எந்த ஆய்வாளரைத் தேர்ந்தெடுக்கிறாயோ அவருடைய வேலையில் எது உன்னை ஈர்த்தது, அதைச் செய்ய நீ என்ன படித்திருக்கிறாய் என்பதை மட்டும் உன் சொல்லில் எழுது.

எம்.பி.பி.எஸ்., பி.டி.எஸ். படிக்கும் பிள்ளைகளுக்கு ஐ.சி.எம்.ஆரின் குறுகியகால மாணவர் உதவித்திட்டம் இருக்கிறது. எஸ்.டி.எஸ். என்றால் எல்லாருக்கும் தெரியும். 1979-லிருந்து நடக்கும் திட்டம் இது. உன் கல்லூரியிலேயே ஒரு வழிகாட்டியைப் பிடித்து, இரண்டு மாதத்தில் முடிக்கக்கூடிய ஒரு சிறு ஆய்வைத் திட்டமிட்டு அனுப்ப வேண்டும். ஏற்றுக்கொண்டால் செய்து அறிக்கை கொடுக்க வேண்டும். அறிக்கை தேறிய பிறகுதான் உதவித்தொகையும் சான்றிதழும். பெரிய கனவை இதில் நுழைக்காதே. இரண்டு மாதத்தில் எத்தனை நோயாளிகளைப் பார்க்க முடியும் என்று வார்டுக்குப் போய் எண்ணிப் பார்த்துவிட்டு எழுது.

பிளஸ் டூவில் உங்கள் போர்டில் முதல் ஒரு சதவீதத்துக்குள் வந்து, அடிப்படை அறிவியல் படிக்கிறாயா? இன்ஸ்பயர் ஷீ உதவித்தொகையைத் தவறவிடாதே. ஆண்டுக்கு 80,000 ரூபாய். அதில் 20,000 ரூபாய் கோடை ஆய்வுப் பணிக்கென்றே ஒதுக்கியது. பணத்தை வாங்கிக்கொண்டு கோடை ஆய்வைப் பேருக்கு முடிப்பவர்களைப் பார்த்திருக்கிறேன். மனசு வலிக்கிறது. அந்த ஆய்வுதான் அந்தத் திட்டத்தின் உயிரே.

பெங்களூர் ஜவாஹர்லால் நேரு மையம் கோடைப் பயிற்சி தருகிறது. பி.எஸ்சி. பிள்ளைகளை அடுத்தடுத்த கோடைகளில் அழைத்துப் பழக்கும் உயிரியல் திட்டமும் அங்கே உண்டு. சென்னை ஐ.ஐ.டி.யின் கோடைத் திட்டம் வழக்கமாக ஆண்டின் தொடக்க மாதங்களில் அறிவிக்கப்படும். ஹைதராபாத்தின் சி.சி.எம்.பி., திருவனந்தபுரத்தின் ராஜீவ் காந்தி பயோடெக்னாலஜி மையம், ஸ்ரீ சித்திரைத் திருநாள் நிறுவனம் ஆகியவற்றின் இணையதளங்களை டிசம்பரிலிருந்து வாரம் ஒருமுறை திறந்து பார். வெளிநாடு என்றால் கனடாவின் மைட்டாக்ஸ் குளோபலிங்க் செப்டம்பரிலேயே மூடிவிடும், பன்னிரண்டு வாரப் பயிற்சி அது. ஜெர்மனியின் டாட் அமைப்பு நடத்தும் வைஸ் திட்டமும் முந்தைய ஆண்டின் பின்பகுதியிலேயே முடியும். போட்டி கடுமைதான், ஆனாலும் விண்ணப்பித்துப் பார்.

இவ்வளவையும் சொல்லிவிட்டு என் தீர்ப்பையும் சொல்லிவிடுகிறேன். பெயர் பெற்ற நிறுவனத்தில் உன்னைத் திரும்பிப் பார்க்காத வழிகாட்டியைவிட, உன் மாவட்டத்திலேயே தினமும் பத்து நிமிடம் உன்னோடு பேசும் வழிகாட்டி மேல். முதல் ஆய்வில் நீ கற்க வேண்டியது சிந்திக்கும் முறையை. அதைச் சுவரில் மாட்டிய பெயர்ப் பலகை கற்றுத்தராது. தரமணியில் சென்னைப் பல்கலைக்கழகத்தின் அடிப்படை மருத்துவ அறிவியல் துறைகள், மதுரை காமராசர் பல்கலைக்கழக உயிரியல் துறைகள், அயப்பாக்கத்தில் தேசிய தொற்றுநோயியல் நிறுவனம், புதுச்சேரியில் கொசு வழிப் பரவும் நோய்களை ஆராயும் மையம், அடையாறு புற்றுநோய் நிறுவனம் எல்லாம் பஸ் ஏறினால் போய்விடும் தூரத்தில்தானே இருக்கின்றன?

பேராசிரியருக்கு எழுதும் மெயில்

திட்டங்கள் எதிலும் இடம் கிடைக்காவிட்டால் நேரடியாக எழுதிக் கேட்கலாம். பலர் இப்படித்தான் உள்ளே போகிறார்கள். ஆனால் நாற்பது பேராசிரியர்களுக்கு ஒரே மெயிலை மொத்தமாக அனுப்பி, எல்லார் முகவரியும் எல்லாருக்கும் தெரியும்படி விட்டால், நாற்பது பேருமே அழித்துவிடுவார்கள்.

ஐந்து பேரைத் தேர்ந்தெடு. ஒவ்வொருவரும் அண்மையில் எழுதிய இரண்டு ஆய்வுக் கட்டுரைகளைப் படி. பிறகு இப்படி எழுது: பொருள் வரியில் எந்த மாதங்களுக்கு, எந்த நிலை மாணவர் என்பது வரட்டும். முதல் இரண்டு வரியில் நீ யார், எங்கே என்ன படிக்கிறாய். அடுத்த நான்கைந்து வரியில் அவருடைய எந்தக் கட்டுரையைப் படித்தாய், அதில் உனக்கு எழுந்த கேள்வி என்ன. பிறகு உனக்குக் கைப்பழக்கம் உள்ளவை: பாக்டீரியா வளர்ப்பு, ஜெல் ஓட்டுவது, எக்செல், கொஞ்சம் பைத்தான், எதுவோ அது. தெரியாததைத் தெரியும் என்று எழுதாதே, முதல் நாளே வெளிப்பட்டுவிடும். எந்தத் தேதியிலிருந்து எந்தத் தேதி வரை வர முடியும், உதவித்தொகை வேண்டுமா, இல்லாமலும் வருவாயா என்பதையும் சொல். சி.வி. ஒரே பக்கம், பி.டி.எஃப். ஆக. அப்பா பெயர், மதம், ராசி எதுவும் அதில் வேண்டாம். பள்ளியில் வாங்கிய ஓவியப் பரிசும் வேண்டாம்.

“ரெஸ்பெக்டட் சார் ஆர் மேடம்” என்று எழுதுவதை விட்டுவிடு. எழுதுவது ஒருவருக்குத்தானே? பெயர் போட்டு எழுது. பத்துப் பதினைந்து நாள் பதில் வராவிட்டால் ஒருமுறை பணிவாக நினைவூட்டு. அதற்கும் பதில் இல்லை என்றால் அடுத்தவரிடம் போ. பதில் வராதது உன் தகுதிக்கான தீர்ப்பு இல்லை, அவர்களுக்கு நாள் ஒன்றுக்கு வரும் மெயில் அவ்வளவு.

பரிந்துரைக் கடிதம் கேட்கும்போது ஆசிரியருக்குக் குறைந்தது மூன்று வாரம் அவகாசம் கொடு. உன்னை வகுப்பில் கேள்வி கேட்பவளாகவோ செய்முறை வகுப்பில் கவனமாக இருப்பவனாகவோ அறிந்தவரிடம் கேள். துறைத் தலைவர் என்பதற்காக மட்டும் கேட்காதே.

ஆங்கிலம் தடை இல்லை, வாசிக்காமல் இருப்பதுதான் தடை

தமிழ் வழியில் படித்து வந்த பிள்ளைகள் பலர் ஆய்வுக் கட்டுரையைத் திறந்ததும் மலைத்துப்போகிறார்கள். அதை முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை ஒரே மூச்சில் வாசிக்க வேண்டிய அவசியமே இல்லை, கண்ணு. சுருக்கத்தைப் படி. நேரே படங்களுக்கும் அட்டவணைகளுக்கும் போ. ஒவ்வொரு படமும் எந்தக் கேள்விக்குப் பதில் சொல்கிறது என்று பார். பிறகு கடைசிப் பகுதி. முடித்ததும் நோட்டில் ஐந்து வரி தமிழில் எழுது: என்ன கேட்டார்கள், எப்படிப் பார்த்தார்கள், என்ன கிடைத்தது, எனக்கு எது புரியவில்லை, அடுத்து என்ன செய்யலாம். வாரம் ஒரு கட்டுரை போதும். ஆறு மாதத்தில் நீயே மாறியிருப்பாய். கட்டுரைகளை இலவசமாகத் தேட பப்மெட் இருக்கிறது. முழுக் கட்டுரைகளுக்கு பப்மெட் சென்ட்ரல்.

ஆய்வு முறைகளை அடிப்படையிலிருந்து கற்க, அயப்பாக்கம் தேசிய தொற்றுநோயியல் நிறுவனத்தார் என்.பி.டி.இ.எல். தளத்தில் நடத்தும் ‘ஹெல்த் ரிசர்ச் ஃபண்டமென்டல்ஸ்’ வகுப்பைப் பார். பாடம் கேட்பது இலவசம், சான்றிதழ் வேண்டுமென்றால் மட்டும் தேர்வுக் கட்டணம். ஆய்வுக் கேள்வியை எப்படி அமைப்பது, எத்தனை பேரைச் சேர்ப்பது என்பதையெல்லாம் பொறுமையாகச் சொல்லித்தருகிறார்கள்.

லேபே கிடைக்கவில்லையா? லேப்டாப் போதும்

வீட்டில் வெளியூர் அனுப்ப மாட்டார்கள், கல்லூரியில் பி.சி.ஆர். மெஷின் பூட்டியே கிடக்கிறது என்றாலும் ஆய்வு நின்றுவிடாது. உலகத்தின் மரபணு வரிசைகளும் புரத வடிவங்களும் என்.சி.பி.ஐ., புரோட்டீன் டேட்டா பேங்க், யூனிபுரோட் தளங்களில் யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளும்படி கிடக்கின்றன.

ஒரு உதாரணம் முழுதாகச் சொல்கிறேன், வேண்டுமானால் இதையே செய். காசநோய்க் கிருமியின் முழு மரபணுத் தொகுதியை 1998-ல் படித்து முடித்தார்கள். சுமார் 44 லட்சம் எழுத்துகள். அதில் ஆர்.பி.ஓ.பி. என்று ஒரு ஜீன். ரிஃபாம்பிசின் மாத்திரை போய்த் தாக்குவது அந்த ஜீன் உருவாக்கும் புரதத்தைத்தான். ஜீனில் 81 எழுத்து நீளமுள்ள ஒரு சின்னப் பகுதி இருக்கிறது. அங்கே எழுத்து மாறினால் மாத்திரை பிடிக்க இடமில்லாமல் போய், கிருமிக்கு எதிர்ப்புத் திறன் வந்துவிடும். ரிஃபாம்பிசினுக்கு அடங்காத கிருமிகளில் பெரும்பாலானவற்றுக்கு மாற்றம் இந்தப் பகுதியில்தான். அரசு மருத்துவமனையில் சளியைச் சோதிக்கும் சிபிநாட் மெஷின் தேடுவதும் இதே 81 எழுத்துக்குள்தான்.

என்.சி.பி.ஐ.யிலிருந்து அந்த ஜீனின் வரிசைகளை எடு. எதிர்ப்புத் திறன் இல்லாத கிருமியின் வரிசையோடு அடுக்கி ஒப்பிடு. எந்தெந்த இடத்தில் மாற்றம் என்று அட்டவணை போடு. அந்த மாற்றம் புரத வடிவத்தில் எங்கே வருகிறது என்று முப்பரிமாணப் படத்தில் பார். இலவச மென்பொருள்களே போதும். விடுமுறையில் நிதானமாக முடித்துவிடலாம். இதை முடித்து வைத்திருக்கும் பி.எஸ்சி. மாணவி காசநோய் ஆய்வகத்துக்கு மெயில் போட்டால், அந்த மெயிலுக்கு மரியாதையே வேறு. உலகின் காசநோயாளிகளில் ஏறக்குறைய நான்கில் ஒருவர் இந்தியர் என்பதை நினைத்துக்கொண்டால், இது வெறும் பயிற்சியாகவும் தோன்றாது.

உள்ளே போனதும்

முதல் வாரம் உனக்குப் பெரிய சோதனை எதுவும் தர மாட்டார்கள். பஃபர் கலக்கச் சொல்வார்கள். பத்து மடங்கு அடர்த்தியுள்ள கரைசலிலிருந்து ஒரு மடங்குக் கரைசல் 500 மில்லி வேண்டும் என்றால், 50 மில்லி எடுத்து 450 மில்லி தண்ணீர் சேர்க்க வேண்டும். பதற்றத்தில் 500 மில்லி தண்ணீரை ஊற்றிவிடுவார்கள் பலர். இந்தக் கணக்குகளை வீட்டிலேயே போட்டுப் பழகிக்கொண்டு போ. மைக்ரோபிப்பெட்டில் முதல் தடுப்பு வரை அழுத்திக்கொண்டு உறிஞ்சு, வெளியே விடும்போது இரண்டாம் தடுப்பு வரை அழுத்து. அதன் அளவைத் தாண்டித் திருகாதே. சென்ட்ரிஃபியூஜில் எதிரெதிர்க் குழாய்கள் ஒரே எடை இருக்கட்டும். மைனஸ் எண்பது ஃபிரிட்ஜைத் திறந்து வைத்துக்கொண்டு குழாயைத் தேடாதே. எது எங்கே இருக்கிறது என்று எழுதிக்கொண்டு பிறகு திற.

லேப் நோட்டில் அன்றன்றைக்கு, பேனாவால், தேதி போட்டு எழுது. தவறிப்போன சோதனையையும் எழுது. அடித்தால் ஒரே கோடு, பக்கத்தைக் கிழிக்கவே கூடாது. கைப்பக்குவத்தில் சமைக்கிற அம்மாவின் குழம்பு அம்மாவோடு போய்விடுகிறது அல்லவா, உன் சோதனை அப்படிப் போகக்கூடாது. நீ ஊருக்குப் போன பிறகும் இன்னொருவர் உன் நோட்டைப் பார்த்து அதையே செய்ய முடிய வேண்டும்.

ரத்தம், சளி கையாளும் இடம் என்றால் ஹெபடைடிஸ் பி தடுப்பூசி போட்டிருக்க வேண்டும். மூன்று தவணை, முடிய ஆறு மாதம் ஆகும். அக்டோபரில் ஆரம்பி என்று நான் சொல்வதற்கு இதுவும் ஒரு காரணம். கையுறை மாட்டிய கையால் போனைத் தொடாதே. அங்கே டீ குடிக்காதே, பசித்தால் வெளியே வா. புரியாததைக் கேட்க வெட்கப்படாதே. ஆனால் சொன்னதைக் குறித்துக்கொள், ஒரே விஷயத்தை மூன்று முறை சொல்லும்படி வைக்காதே. உனக்குக் கற்றுக்கொடுக்க ஒதுக்கும் நேரம் ஒரு பி.எச்டி. மாணவரின் சொந்த வேலையிலிருந்து எடுத்துத் தருவது.

யாராவது தகாத முறையில் பேசினாலோ நடந்தாலோ, சான்றிதழ் போய்விடுமே என்று பொறுத்துக்கொள்ளாதே. ஒவ்வொரு நிறுவனத்திலும் உள்புகார்க் குழு இருக்க வேண்டும் என்பது 2013-ஆம் ஆண்டின் சட்டம். பயிற்சிக்கு வந்த மாணவியும் அங்கே புகார் கொடுக்கலாம். சேர்ந்த அன்றே அந்தக் குழுவில் யார் யார் இருக்கிறார்கள் என்று பார்த்து வைத்துக்கொள்.

மனிதர்களைத் தொடும் ஆய்வு என்றால்

நிர்மலா காலத்துக் கதையில் பாக்கி வைத்ததை இங்கே சொல்கிறேன். இன்று மனிதர்கள் மேல் நடக்கும் எந்த ஆய்வுக்கும் நெறிமுறைக் குழுவின் அனுமதி முன்கூட்டியே வேண்டும். ஐ.சி.எம்.ஆர். 2017-ல் வெளியிட்ட தேசிய நெறிமுறைகள் இதை விரிவாகச் சொல்கின்றன. ரத்தம் எடுப்பது மட்டும் என்று நினைக்காதே. உன் வகுப்புத் தோழிகளிடம் மாதவிடாய் வலி பற்றிக் கூகுள் ஃபார்மில் கேட்பதாக இருந்தாலும் உன் வழிகாட்டியிடம் சொல்லி குழுவுக்கு அனுப்பு. தகவலைச் சேகரித்த பிறகு அனுமதி கேட்டால் கிடைக்காது, அந்த உழைப்பும் வீண்.

ஒப்புதல் படிவம் நோயாளிக்குப் புரியும் தமிழில் இருக்கட்டும். எழுதியதை உன் பாட்டியிடம் படித்துக் காட்டு. அவருக்குப் புரிந்தால் சரி. எதற்காகக் கேட்கிறோம், என்ன செய்வோம், மறுத்தால் அவருடைய சிகிச்சையில் எந்தக் குறையும் வராது என்று வாயாலும் சொல். ‘வேண்டாம்’ என்று சொன்னவரிடம் நன்றி சொல்லிவிட்டு எழுந்து வா. வார்டில் பார்த்த முகத்தையோ கேஸ் ஷீட்டையோ போட்டோ எடுத்து ஸ்டேட்டஸில் போடுவது பெரிய துரோகம்.

பணம் கேட்டால் நின்று யோசி

சில அரசு நிறுவனங்களிலும் எம்.எஸ்சி. புராஜெக்ட்டுக்குப் பயிற்சிக் கட்டணம் உண்டு. அது இணையதளத்தில் வெளிப்படையாக இருக்கும், ரசீதும் தருவார்கள். இதற்கு நேர்மாறாக, ‘பத்தாயிரம் கொடு, புராஜெக்ட், ரிப்போர்ட், பப்ளிகேஷன் எல்லாம் சேர்த்து’ என்று விற்கும் இடங்கள் இருக்கின்றன. அங்கே போனால் உனக்குக் கையில் மிஞ்சுவது பைண்டு செய்த ஒரு புத்தகம். அதற்குள் என்ன இருக்கிறது என்று ஒரு கேள்வி கேட்டால் நீ நிற்க முடியாது. ‘மூன்றே நாளில் உங்கள் கட்டுரையை வெளியிடுகிறோம்’ என்று மெயில் அனுப்பும் இதழ்களும் அப்படித்தான். நல்ல இதழில் மற்ற விஞ்ஞானிகள் வாசித்துக் கேள்வி கேட்டுத் திருத்தச் சொல்ல மாதங்கள் ஆகும். பட்டம் முடிக்குமுன் கட்டுரை வெளியாகியே தீர வேண்டும் என்ற அவசரம் உனக்கு வேண்டவே வேண்டாம்.

வீட்டில் “இதெல்லாம் படிச்சு என்ன சம்பாதிக்கப் போற?” என்று கேட்பார்கள். கோபப்படாதே, அவர்கள் கேட்பதில் நியாயம் இருக்கிறது. உட்கார வைத்துக் கணக்கைச் சொல். எம்.எஸ்சி. முடித்து நெட் தேர்வில் ஜே.ஆர்.எஃப். வாங்கினால், 2023 முதல் மாதம் 37,000 ரூபாய், வீட்டு வாடகைப்படி தனி. இரண்டு ஆண்டு கழித்து 42,000. மகள் தனியாக ஹைதராபாத் போவதற்கு அப்பா யோசித்தால், நிறுவன விடுதி உண்டா என்று முன்பே விசாரித்து, வழிகாட்டியின் அதிகாரபூர்வக் கடிதத்தைக் காட்டி, முதல் நாள் அவரையும் உடன் அழைத்துப் போ. ஆய்வகத்தைக் கண்ணால் பார்த்த அப்பாக்கள் மனம் மாறியதை நான் கண்டிருக்கிறேன்.

கல்லூரிப் பேராசிரியர்களுக்கும் ஒரு வேண்டுகோள். அகாடமி அறிவிப்பு வந்த அன்றே வகுப்பில் ஐந்து நிமிடம் ஒதுக்கி வாசித்துவிடுங்கள். விண்ணப்பிக்கத் தகுதி இருந்தும் அப்படி ஒன்று இருப்பதே தெரியாத பிள்ளைகள்தான் நம் கல்லூரிகளில் அதிகம்.

தங்கச்சி, தம்பி, உன்னிடமும் ஒன்று கேட்கிறேன். இடம் கிடைத்துப் போய்வந்த பிறகு, உன் துறை ஜூனியர்களை ஒரு மதியம் கூட்டி உட்காரவைத்து எல்லாவற்றையும் சொல்: எப்படி எழுதினாய், எங்கே தங்கினாய், எவ்வளவு செலவானது, நேர்முகத்தில் என்ன கேட்டார்கள் என்று ஒன்றுவிடாமல். உன் விண்ணப்பக் கட்டுரையின் நகலையும் துறை நூலகத்தில் வைத்துவிட்டு வா.